வைசாலே செரேவியின் ரக்பி வாழ்வும் பிஜித் தென்னிந்தியரின் எல்லைக்கோடும்

நாகலாபுரம் என்றதும் வேதநாராயணப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். தாய் நாகலாதேவியின் பெயரால் கிருஷ்ணதேவராயர் அமைத்த ஊர் என்னும் மரபும், மார்ச் மாதத்தில் சில நாள்கள் மாலைக் கதிர் கருவறைவரை சென்று படியும் காட்சியும் அவ்வூரைப் பலரும் அறியச் செய்தவை. 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அதற்கு முன்பு சித்தூர் மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் இருக்கிறது. இங்கிருந்து ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைத் துறைமுகத்தை அடைவது எளிது. இந்த எளிமைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு பொருள் இருந்தது. 1903 முதல் 1916 வரை பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்னையில் கப்பலேற்றப்பட்ட ஏறத்தாழ 15,000 பேரில் பெருந்தொகையினரை அளித்த மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முதன்மையானது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகும்வரை அப்பகுதியின் பெரும்பங்கு அந்த வட ஆர்க்காட்டிலேயே இருந்தது.

அவர்கள் சென்றடைந்த நாடு இன்று உலகில் அறியப்படுவது சர்க்கரையால் அன்று, எழுவர் ரக்பியால். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பிஜி தன் வரலாற்றின் முதல் பதக்கத்தை வென்றது. அது தங்கப் பதக்கம். ஆட்டம் எழுவர் ரக்பி. அந்த வெற்றிக்கான அடித்தளத்தை முந்தைய இருபது ஆண்டுகளில் இட்டவர்களுள் முதலாவதாகச் சொல்லத்தக்கவர் வைசாலே செரேவி. அவருடைய ஆட்ட வாழ்வை ஒரு விளையாட்டு வீரரின் சாதனைப் பட்டியலாக மட்டும் படித்தால் பாதி வரலாறே கிடைக்கும். அதே ஆண்டுகளில் அந்நாட்டின் மறுபாதி மக்களுக்கு நேர்ந்தவற்றையும் அருகில் வைத்துப் படிக்கும்போதுதான், ஓர் ஆட்டம் ஒரு நாட்டை எவ்வளவு தூரம் இணைக்க முடியும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பது புலப்படும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்னும் சிற்றூரில் 1883இல் நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் தம் கழகத்துக்கு நிதி திரட்ட எண்ணினார். பதினைவர் கொண்ட அணிகள் பலவற்றை ஒரே நாளில் ஆடவைக்க இயலாது என்பதால், அணிக்கு எழுவராகக் குறைத்தார். ஆளைக் குறைத்தபோதும் களத்தைக் குறைக்கவில்லை. இந்த ஒரு முடிவில்தான் ஆட்டத்தின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் முப்பது பேர் நிற்கும்போது ஒருவர் பங்குக்கு 233 சதுர மீட்டர் வரும். பதினால்வர் நிற்கும்போது 500 சதுர மீட்டர் வரும். பாதிக்கு ஏழு நிமிடம், இரண்டு பாதிகள். மூவர் மட்டுமே கூடும் ஸ்க்ரம். எதிரணியை நெருக்கித் தள்ளும் பருமனுக்கு இங்கே மதிப்புக் குறைவு. வெற்றிடத்தைக் கண்டறியும் கண்ணுக்கும், அதை நிரப்பும் காலுக்கும் மதிப்பு மிகுதி.

பதினைவர் ரக்பிக்குத் தேவையான தனித்திறன் பயிற்சியாளர்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் பணமும் இல்லாத ஒரு சிறு நாட்டுக்கு இந்த வடிவம் பொருந்தியதில் வியப்பில்லை. பிஜியில் ரக்பி ஆங்கிலேயப் படையினரும் அதிகாரிகளும் கொண்டுவந்த ஆட்டம். ரக்பி சங்கம் 1913இல் தோன்றியது. 1924இல் சமோவாவின் ஆப்பியாவில் பிஜி தன் முதல் பன்னாட்டுப் போட்டியை ஆடியது. உள்ளூர் ஆட்டக்காரர்கள் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்ததால் போட்டி காலை ஏழு மணிக்கே தொடங்கியது. களத்தின் நடுக்கோட்டில் ஒரு பெரிய மரம் நின்றது. பிஜி 6–0 என வென்றது. 1976இல் ஹாங்காங் எழுவர் போட்டி தொடங்கியபோது பிஜிக்கு ஆண்டுதோறும் உலகின் முன் நிற்க ஒரு மேடை கிடைத்தது. 1977, 1978, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் அது அங்கே வாகை சூடியது. ஆகவே செரேவி வெற்றிடத்திலிருந்து தோன்றியவர் அல்லர். ஏற்கெனவே வேரூன்றிய ஒரு மரபின் உச்சமாக வந்தவர்.

1968 மே 20 அன்று பிறந்த செரேவியின் பூர்விகம் லோமாய்விட்டித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஙாவுத் தீவு. ரக்பிக்கு உகந்த உடல் என்று வழக்கமாகக் கருதப்படும் உயரமோ பருமனோ அவருக்கு இல்லை. 1989இல் ஹாங்காங் களத்தில் அவர் பெயர் உலகின் காதில் விழுந்தது. 1990, 1991, 1992 என அடுத்தடுத்த மூன்று ஆண்டுகள் பிஜி அங்கே கோப்பையை வென்றபோது, அந்த அணியின் மையம் அவரே.

அவருடைய ஆட்டமுறையை விளக்குவது கடினம் என்று பலரும் சொல்வதுண்டு. உண்மையில் அதன் அடிப்படை எளிமையானது. வேகமாக ஓடுபவரைத் தடுப்பாளர் அவருடைய வேகத்தை வைத்தே கணிக்கிறார். செரேவியோ பந்துடன் ஏறக்குறைய நடப்பார். சில கணங்கள் நின்றேவிடுவார். நிற்பவரை நோக்கித் தடுப்பாளர் ஓர் அடி முன்வைத்தே ஆக வேண்டும். அந்த ஓர் அடியில் தடுப்பு வரிசை குலையும். பின்னால் வெற்றிடம் திறக்கும். அங்கே பந்தை மென்மையாக உதைத்துத் தாமே ஓடிப் பிடிப்பார், அல்லது பாராமலேயே பக்கவாட்டில் வருபவருக்கு எறிவார், அல்லது தம் பாதத்தைத் திருப்பி எதிர்த்திசையில் புகுவார். தடுப்பாளரை வலிமையால் வெல்லாமல், அவரை முதலில் முடிவெடுக்கச் செய்து அந்த முடிவைத் தண்டிப்பதே அவருடைய உத்தி. ட்ரைக்குப் பின்வரும் கன்வர்ஷன் உதையை எழுவர் ரக்பியில் பந்தைத் தரையில் தட்டியே உதைக்க வேண்டும். இதிலும் அவர் தேர்ந்தவர் என்பதால் அணியின் புள்ளிகளில் பெரும்பங்கு அவர் காலிலிருந்தே வந்தது.

இனி அந்த ஆண்டுகளை மறுபக்கத்திலிருந்து காண வேண்டும். 1874இல் பிஜி பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பின், முதல் ஆளுநர்களுள் ஒருவரான ஆர்தர் கார்டன் இரண்டு முடிவுகளை எடுத்தார். பூர்வகுடிகளின் நிலம் விற்கப்படக் கூடாது. அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது. பூர்வகுடிகளைக் காத்த இந்த ஏற்பாட்டின் விலையை இந்தியக் கூலிகள் செலுத்தினர். 1879 மே 14 அன்று ‘லியோனிடாஸ்’ கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. 1916 வரை 60,000க்கு மேற்பட்டோர் வந்தனர். ‘அக்ரிமெண்ட்’ என்னும் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆயிற்று. அவர்களுடைய நிலையைத் தமிழுலகுக்குப் பாரதியின் பாட்டு முன்பே அறிவித்துவிட்டது. ஒப்பந்த முறை 1920இல் முற்றாக நீங்கியபின் பெரும்பாலோர் அங்கேயே தங்கிக் குத்தகை நிலத்தில் கரும்பு பயிரிட்டனர். நிலத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூர்வகுடிக் குலங்களுக்குரியதாக இருந்ததால், அவர்கள் மூன்று தலைமுறை உழுதும் குத்தகையாளராகவே நீடித்தனர்.

இரு சமூகங்களும் தனித்தனிக் குடியிருப்புகளிலும் தனித்தனிப் பள்ளிகளிலும் வளர்ந்தன. விளையாட்டும் அவ்வாறே பிரிந்தது. ரக்பி, பூர்வகுடிக் கிராமத்தையும் அவர்களுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளிகளையும் பின்னாளில் படையையும் சார்ந்து வளர்ந்தது. கிராமத்தின் பெயரால் அணி அமைவதும், உறவுமுறையினர் சேர்ந்து ஆடுவதும் அதன் அடித்தளம். இந்தியர் தேர்ந்தது கால்பந்து. 1938இல் உருவான கால்பந்துச் சங்கத்தின் பெயரிலேயே ‘இந்திய’ என்னும் அடைமொழி இருந்தது; அது நீங்கியது 1960களில்தான். தென்னிந்தியருக்கென 1926இல் சாது குப்புசுவாமி நாந்தியில் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளையும் கோயில்களையும் பேணியது. ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் அதன் ஆண்டு மாநாட்டோடு கால்பந்துப் போட்டியும் சேர்ந்தே நடக்கும். தமிழும் தெலுங்கும் நாள்வழக்கில் தேய்ந்து பிஜி இந்திக்கு இடம்விட்ட பின்னரும், மாரியம்மன் கோயில் தீமிதியும் இந்தக் கால்பந்து விழாவும் ‘மதராசி’ என்று அழைக்கப்பட்டோரை ஓரிடத்தில் கூட்டின. பிஜியின் தேசிய ரக்பி அணிகளில் இந்திய வம்சாவளியினர் மிக அரிதாகவே இடம்பெற்றதற்குக் காரணத்தை உடற்கூற்றில் தேடுவது தவறு. பதினைவர் ரக்பிக்குச் சொல்லப்படும் ‘உடல்பருமன்’ காரணம் எழுவர் ரக்பிக்குப் பொருந்தாது என்பதற்குச் செரேவியே சான்று. நிலவுரிமையும் பள்ளியும் குடியிருப்பும் வகுத்த கோடே அங்கே களத்தின் எல்லைக்கோடாகவும் அமைந்தது.

1986ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் 48.7 விழுக்காடு, பூர்வகுடிகள் 46 விழுக்காடு. மறு ஆண்டு மே 14 அன்று, அதாவது ‘லியோனிடாஸ்’ கரைசேர்ந்த அதே நாளில், சித்திவேனி ரபூகா இராணுவப் புரட்சி நடத்தி, இந்தியர் பெரும்பங்கு வகித்த அரசைக் கவிழ்த்தார். படித்தவரும் தொழில்வல்லோருமாகப் பல்லாயிரம் இந்தியர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் வெளியேறத் தொடங்கினர். செரேவி ஹாங்காங்கில் முதலில் ஒளிர்ந்தது இதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின்பு. உலகச் செய்திகளில் பிஜி என்றால் புரட்சி என்றிருந்த காலத்தில், அந்நாட்டின் வேறொரு முகமாக இந்த ஆட்டம் தோன்றியது. 1991இல் ரக்பி உலகக் கோப்பையை ஒளிபரப்பும் பொருட்டே பிஜிக்குத் தொலைக்காட்சி வந்தது என்பதை ஊடக வரலாறு பயில்வோர் குறித்துக்கொள்ளலாம். செரேவி அந்தக் கோப்பையில் ஆடினார். பிஜியின் இரு சமூகங்களும் வீட்டுக்குள் அமர்ந்து ஒரே திரையில் முதலில் கண்டவற்றுள் ரக்பியும் ஒன்று.

எழுவர் உலகக் கோப்பை 1993இல் எடின்பரோவில் தொடங்கியது. பிஜி அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்றது. 1997இல் போட்டி ஹாங்காங்குக்கு வந்தது. அணித்தலைவர் செரேவி. இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 24–21 என வென்று பிஜி கோப்பையைப் பெற்றது. அத்தொடரில் செரேவி மட்டும் 117 புள்ளிகள் எடுத்தார். அதே 1997ஆம் ஆண்டு பிஜியின் வரலாற்றில் வேறிரு காரணங்களாலும் நினைவில் நிற்கும். ரபூகாவும் இந்தியத் தலைவர் ஜெய் ராம் ரெட்டியும் உடன்பட்டுப் புதிய அரசமைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தனர். முப்பதாண்டுக் குத்தகைகள் காலாவதியாகத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். ஒருபுறம் நம்பிக்கை, மறுபுறம் நிலமிழப்பு. கோப்பையை இரு சமூகத்தாரும் கொண்டாடினர். கொண்டாடியவர்களில் ஒரு சாராருக்கு மறு ஆண்டு உழ நிலம் இருக்குமா என்பது ஐயமாயிருந்தது.

1999இல் மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000 மே 19 அன்று ஜார்ஜ் ஸ்பைட் தலைமையிலான குழு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து அவரைச் சிறைப்பிடித்தது. அப்போது உலக எழுவர் தொடரின் முதற்சுற்று அரங்கேறிக்கொண்டிருந்தது. கார்டன் டீட்ஜென்ஸ் பயிற்றுவித்த நியூசிலாந்து தொடர்ந்து ஆறு முறை அத்தொடரை வென்றது. காமன்வெல்த் விளையாட்டிலும் அதே சுவர். 1998 கோலாலம்பூர், 2002 மான்செஸ்டர் ஆகிய இரு இறுதியாட்டங்களிலும் செரேவியின் பிஜி நியூசிலாந்திடம் தோற்று வெள்ளியோடு திரும்பியது. 2006 மெல்போர்னில் வெண்கலம். காமன்வெல்த் தங்கம் அவருக்குக் கிட்டவேயில்லை.

பதினைவர் ரக்பியிலும் அவருக்கு முழு நிறைவு வாய்க்கவில்லை. 1991, 1999, 2003 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் இடம்பெற்றார். எனினும், கணித்த இடத்தில் நின்று கணித்தபடி உதைக்கும் ஒருவரையே அவ்வடிவம் நாடியது. நிக்கி லிட்டில் அப்பணியைச் செய்தார். 1995இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானபின் செரேவி ஜப்பானிலும், இங்கிலாந்தின் லெஸ்டர் கழகத்திலும், பிரான்சிலும் ஒப்பந்தத்தில் ஆடினார். லெஸ்டரில் அவருக்குத் தொடர்ந்து இடம் கிடைக்கவில்லை. அவர் காலம் தொட்டு இன்றுவரை பிஜியின் சிறந்த வீரர்கள் வெளிநாட்டு ஒப்பந்தங்களைத் தேடிச் செல்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் கிராமங்கள் வாழ்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒப்பந்தத்தால் உடலுழைப்பை இறக்குமதி செய்த தீவு, இன்று ஒப்பந்தத்தால் உடல்திறனை ஏற்றுமதி செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல. கிர்மிட்டில் ஓடிப்போனவனுக்குச் சிறை உண்டு; ரக்பி வீரர் விரும்பினால் விலகலாம். ஆயினும் சிறு தீவுப் பொருளாதாரம் பெருநாடுகளின் சந்தையோடு மனித உடல் வழியாகப் பிணைக்கப்படும் தன்மை இரண்டிலும் தொடர்கிறது.

2005இல் எழுவர் உலகக் கோப்பை மீண்டும் ஹாங்காங்கில் நடந்தது. ஓய்விலிருந்து திரும்பி அணித்தலைமை ஏற்றபோது செரேவிக்கு வயது 36. அரையிறுதியில் இங்கிலாந்துடன் கூடுதல் நேரம்வரை சென்ற போராட்டம். இறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக 29–19. எழுவர் உலகக் கோப்பையை இருமுறை வென்ற முதல் நாடு பிஜி. நான்கு கோப்பைகளில் செரேவி எடுத்த மொத்தப் புள்ளிகள் 297. இதை எவரும் எட்டவில்லை. அடுத்த பருவத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து 2005–06 உலகத் தொடரையும் வென்று நியூசிலாந்தின் ஆறாண்டு ஆதிக்கத்தை முடித்தார். அந்த மகிழ்ச்சி அடங்குமுன், 2006 டிசம்பரில் பிராங்க் பைனிமராமா நான்காவது புரட்சியை நடத்தினார். 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியர் விழுக்காடு 37.5 ஆகக் குறைந்திருந்தது. செரேவியின் ஆட்ட வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஏறத்தாழ இவ்விரு கணக்கெடுப்புகளுக்கிடையே அடங்கிவிடுகின்றன.

இக்கதையில் இந்தியாவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தேர்தல் நடத்த மறுத்ததற்காக 2009இல் பிஜி காமன்வெல்த்திலிருந்து இடைநிறுத்தப்பட்டது. விளைவாக, 2010இல் புதுதில்லியில் நடந்த விளையாட்டில் எழுவர் ரக்பியின் தாயகம் போன்ற அந்த நாடு ஆட முடியவில்லை. போட்டியை நடத்திய இந்தியாவின் அணி களத்தில் இருந்தது. இந்திய வம்சாவளியினர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாழும் பிஜியின் அணி இல்லை. எழுவர் ரக்பியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்ற முடிவும் 2009இல்தான் எடுக்கப்பட்டது. அது செரேவிக்குப் பயன்படாத அளவு தாமதம். அவர் அமெரிக்காவின் சியாட்டிலில் இளையோருக்கு ஆட்டம் கற்பிக்கச் சென்றார். 2013இல் உலக ரக்பியின் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

ரியோவில் பென் ரயன் பயிற்றுவித்த அணி ஓசேயா கோலினிசாவு தலைமையில் பிரித்தானியாவை 43–7 என வென்றபோது, முன்னாள் ஆட்சியாளரை முன்னாள் குடியேற்ற நாடு வென்றதாக உலகம் எழுதியது. அதைக் குறிக்கப் பிஜி ஏழு டாலர் தாள் ஒன்றையே வெளியிட்டது. 2021இல் டோக்கியோவிலும் தங்கம், 2024இல் பாரிசில் வெள்ளி. இதற்கிடையே ‘பிஜியன்’ என்னும் சொல்லின் பொருளும் மாறியிருந்தது. நெடுங்காலம் பூர்வகுடிகளை மட்டும் குறித்த அச்சொல் 2010 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதாயிற்று. பூர்வகுடிகள் ‘இதௌகேய்’ என வழங்கப்படலாயினர். 2023இல் கிர்மிட் நாள் அரசு விடுமுறையாயிற்று. அதே மே மாதத்தில், அப்போது பிரதமராக இருந்த ரபூகா, 1987க்காக இந்திய வம்சாவளியினரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால், செரேவியின் வெற்றிகள் இனப்பிளவைத் தீர்த்தன என்று சொல்ல முடியாது. 1997க்குப் பின் 2000 வந்தது. 2005க்குப் பின் 2006 வந்தது. வெற்றிகள் பயனற்றவை என்றும் சொல்ல முடியாது. ஒரே கொடிக்காக இரு சமூகங்களும் ஆர்ப்பரித்த அனுபவம், சட்டம் ‘பிஜியன்’ என்ற சொல்லைப் பொதுவாக்குவதற்கு முன்பே மக்கள் மனத்தில் அச்சொல்லை ஓரளவு பொதுவாக்கியிருந்தது. ஆனால் பார்வையாளர் இருக்கையில் கிடைத்த அந்தச் சமத்துவம் நிலத்துக்கும் பள்ளிக்கும் அணித் தேர்வுக்கும் தானாக நீளவில்லை. விளையாட்டின் சமூக வரலாற்றை எழுதுவோர் ‘யார் வென்றார்’ என்பதோடு நில்லாமல், ‘யாருக்கு ஆடும் வாய்ப்பே எழவில்லை’ என்பதையும் கேட்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

சென்னையில் கப்பலேறியோரின் குடிபெயர்வுச் சீட்டுகளில் பெயர், தந்தை பெயர், மாவட்டம், ஊர், சாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம் என்பவை பதிவாயின. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய ஊர்ப்பெயர்கள் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கின்றன. வட ஆர்க்காடு, சித்தூர், செங்கற்பட்டு எல்லைப்புற ஊர்களை அறிந்த ஆய்வு மாணவர்கள் மட்டுமே அச்சிதைவுகளைச் சரியாகப் படிக்க இயலும். பிஜியின் விளையாட்டு வரலாறு இதுவரை பெரும்பாலும் வென்றவர்களின் புள்ளிகளைக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டியோரின் வரலாறு அந்தச் சீட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.